ரப்பர் காட்டுல ஒரு தேயிலைக் கதை

மூணாறு, ஊட்டினு டீ எஸ்டேட் டூருக்கு பிளான் போட்டு, கடைசியில காசு தேறாம கைவிட்ட கோஷ்டியா நீங்க? நாகர்கோவில் பக்கம்னா கவலையை விடுங்க. பைக்குக்கு பெட்ரோல் போட்டுட்டு, ஞாயித்துக்கிழமை விடியக்காலையில கீரிப்பாறைக்குக் கிளம்புங்க. அங்கே தேயிலைச் செடி கிடையாது. ஆனா, தேயிலை மலையில இருந்து வந்த மனுஷங்க இருக்காங்க!

வடசேரியில இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியா ஏறக்குறைய 25 கிலோமீட்டர். (பூதப்பாண்டி, தோழர் ஜீவா பிறந்த ஊருங்க!) அப்புறம் ரெண்டு பக்கமும் ரப்பர் மரம்தான்.

நாங்க முதல் தடவை போனப்போ மணி பதினொண்ணு. மரத்துல கட்டியிருந்த சிரட்டையை நாலு போட்டோ எடுத்துட்டு, காளிகேசத்துல குளிச்சுட்டுத் திரும்பிட்டோம். செம வேஸ்ட்! ரப்பர் காட்டோட வேலையே வெயிலுக்கு முன்னாலதான். வெயில் ஏற ஏற மரத்துக்குள்ளே அழுத்தம் குறைஞ்சு, பால் ஓட்டம் சுருங்கிடும். அதனால, தலையில டார்ச்சைக் கட்டிக்கிட்டு இருட்டுலயே பால்வெட்டு ஆரம்பிச்சுடுது. பட்டையை சரிவா, மெல்லிசா சீவணும். கொஞ்சம் ஆழமாப் போனாலும் மரத்துக்குக் காயம். அந்த இடத்துல புதுப்பட்டை சரியா வளராது. சில மணி நேரம் கழிச்சு அதே மரங்களுக்குத் திரும்ப வந்து, பாலை வாளியில சேகரிக்கணும். சிரட்டையில காய்ஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலுக்கும் விலை உண்டு. மழை கொட்டினா மட்டும் வெட்டு கிடையாது.

சரி, தேயிலை எங்கே வந்துச்சு? 1964-ல போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில இருந்த 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு முடிவாச்சு. பெரும்பாலும் மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். கொழுந்து பறிச்ச கைகளுக்கு வேலை வேணுமே? வனத்துறையோட அரசு ரப்பர் தோட்டங்கள்ல இங்கே வேலை கிடைச்சுது. 1984-ல அதுவே அரசு ரப்பர் கழகம் ஆச்சு. கூடை போய், கையில கத்தி வந்துச்சு!

இதெல்லாம் பாடப் புத்தகத்துல ஒரு பாரா. எங்களுக்கு உறைச்சது ஒரு டீக்கடை பெஞ்சுலதான். பக்கத்துல இருந்த பாட்டி, "காலேஜா தம்பி? குளிக்க வந்தீகளா?"னு கேட்டாங்க. பேச்சு நடுவுல லயம், கங்காணி, பெரட்டுனு நமக்குப் புரியாத வார்த்தையா விழுந்துச்சு. நம்ம ஃப்ரெண்டு சும்மா இருக்காம, "உங்களுக்கு எந்த ஊரு பாட்டி?"னு கேட்டுட்டான். டீயை ஒரு மடக்கு குடிச்சுட்டு அவங்க திருப்பிக் கேட்டாங்க: "எங்க தாத்தா ஊரா, நான் பொறந்த ஊரா, இந்த ஊரா?"

அதுக்கப்புறம் காளிகேசம் போனோம். தண்ணி ஜில்லுனுதான் இருந்துச்சு. என்னவோ, யாரும் அவ்வளவா ஆட்டம் போடலை.

போறவங்களுக்கு: காளிகேசத்துக்கு வனத்துறை அனுமதி வேணும், மழை நேரத்துல விடமாட்டாங்க. தோட்டத்துக்குள்ளே கேக்காம இறங்காதீங்க. சிரட்டையைத் தட்டி விட்டுடாதீங்க, அது ஒருத்தரோட காலை நேர உழைப்பு. பஸ்ல போறவங்க, இறங்கும்போதே திரும்பி வர்ற பஸ் எத்தனை மணிக்குனு கண்டக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கங்க!