புதியது வாங்கலாமா?

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் பிறந்ததும், கையில் இருக்கும் கைபேசி நேற்றுவரை செய்த வேலைகளை இன்றும் குறைவறச் செய்துகொண்டிருக்கும்போதே, அதனிடம் நமக்கு இருந்த திருப்தி மட்டும் குலைந்துபோவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனத்தார் ஐபோன் 17-ஐ அறிமுகம் செய்தபோது, என் வீட்டிலும் அந்தச் சலனம் நேர்ந்தது. என்னிடம் இருப்பது 2021-இல் வெளிவந்த ஐபோன் 13. என் மகளுக்கு இதில் ஆலோசிக்க எதுவும் இருப்பதாகவே படவில்லை. "அப்பா, நாலு வருஷத்து மாடல். சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் சார்ஜ் தீர்ந்துபோயிடுது. இன்னும் எதுக்கு இதையே வச்சுக்கிட்டுக் கஷ்டப்படணும்?" என்றாள். அவள் சொன்னது முழுவதும் உண்மை. ஆயினும், ஓர் உண்மையிலிருந்து ஒரு முடிவுக்குப் போகும் வழியில் நிதானித்துப் பார்க்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது.

விளம்பரக்காரர்களும் காணொளி விமர்சகர்களும் நம் முன் வைப்பது ஓர் ஒப்பீடு. பழைய திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்ளும், புதியது 120 முறை. பழைய கேமரா 12 மெகாபிக்சல், புதியது 48. பழையது 128 ஜி.பி. கொள்ளளவோடு 79,900 ரூபாய்க்கு வந்தது, புதியது 256 ஜி.பி.யோடு 82,900 ரூபாய்க்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் கைபேசி முதலிய சாதனங்களுக்கு ஒரே வகைச் சார்ஜர் என்று சட்டம் இயற்றியதன் பயனாக, பழைய லைட்னிங் துளை போய் எல்லோருக்கும் பொதுவான டைப்-சி துளை வந்திருக்கிறது. இவற்றுள் ஒன்றையும் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் இந்த வகை ஒப்பீட்டில் பழையது ஜயிப்பதற்கு வழியே கிடையாது. இந்த ஆண்டும் கிடையாது, அடுத்த ஆண்டும் கிடையாது. எப்போது கேட்டாலும் ஒரே பதில் வருகிற கேள்வியால் முடிவு செய்கிறவனுக்கு என்ன பிரயோஜனம்? ஆகவே என் கையில் இருப்பதில் எது முடிந்துபோயிற்று, எது தேய்ந்திருக்கிறது, எது இன்னும் முழுமையாக இருக்கிறது என்று அதையே முதலில் பரிசோதிப்பது என்று தீர்மானித்தேன்.

தேய்ந்தது பேட்டரி, அதில் சந்தேகமில்லை. செட்டிங்க்ஸ் பகுதிக்குள் போய்ப் பார்த்தால், புதிதாக இருந்தபோது ஏற்ற முடிந்த மின்சாரத்தில் இப்போது எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று அதுவே காட்டும். என்னுடையது 80-க்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. லித்தியம்-அயனி மின்கலத்தின் இயல்பே அதுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு மறுமுனையில் உள்ள கிராபைட் அடுக்குகளுக்குள் போய்த் தங்குகின்றன. செலவாகும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் கிராபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்து, நாளாக நாளாகத் தடிக்கிறது. அந்தப் படலத்தில் சிக்கிக்கொண்ட லித்தியம் மறுபடி வேலைக்கு வருவதில்லை. வெப்பம் இந்தத் தேய்வை விரைவுபடுத்தும்; நம் சித்திரை வெயிலில் காருக்குள் கைபேசியை விட்டுச் செல்கிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. முழு அளவு மின்சாரம் 500 தடவை செலவான பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி இந்த மாடலின் பேட்டரியை வடிவமைத்திருப்பதாக உற்பத்தியாளரே சொல்லியிருக்கிறார்கள். இந்த மின்கலத்தை உலகுக்குத் தந்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு அளித்தார்கள். அவர்கள் தந்தது அற்புதமான பொருள். ஆனால் மற்றப் பாகங்கள் நெடுநாள் வாழ, இது மட்டும் முன்னதாகவே முதுமை அடையும்.

பேட்டரியை மாற்றச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே, இரண்டு ஆள் அகலமே உள்ள ஒரு கடையில், ஓர் இளைஞர் என் கைபேசியைத் திறந்ததை அருகில் நின்று பார்த்தேன். சார்ஜ் துளைக்கு இருபுறமும் இருந்த, அரிசிமணியிலும் சிறிய இரண்டு திருகாணிகளைக் கழற்றி, அவை உருண்டு போகாதபடி காந்தத் தகட்டின் மேல் வைத்தார். திரையின் விளிம்பைச் சூடாக்கிப் பசையை இளக்கி, உறிஞ்சும் ரப்பர் கிண்ணத்தை ஒட்டி, கிடைத்த மயிரிழை இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை நுழைத்துச் சுற்றிலும் ஓட்டினார். அதன் பிறகு வந்ததுதான் நுட்பமான வேலை. பேட்டரியின் அடியில் ஒட்டியிருக்கும் பசை நாடாக்களின் நுனியை இடுக்கியால் பற்றி, தூக்கி இழுக்காமல், மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, பேச்சை நிறுத்தி, மூச்சையும் அடக்கி, நாடா நீண்டுகொண்டே வரும்படி இழுத்தார். அவசரப்பட்டால் நாடா அறும். அறுந்தால் பேட்டரியை நெம்ப வேண்டும். நெம்பும்போது அது துளைபட்டால் தீப்பற்றும். எல்லாம் முடிந்து, ஈரம் புகாமல் இருக்க விளிம்பில் புதுப் பசை வைத்து மூடியபின் தலைநிமிர்ந்து, "போனுக்கு ஒண்ணும் இல்ல சார். பேட்டரிதான் போயிருந்துச்சு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாராளமா ஓட்டலாம்" என்றார். புதியதின் விலையில் ஒரு சிறு பங்கே செலவாயிற்று. தம் வேலையை இவ்வளவு சிரத்தையோடு செய்கிற ஒருவர், புதிது வாங்குங்கள் என்று என்னைத் தூண்டுவதில் யாதொரு லாபமும் இல்லாதவர், சொல்லும் அபிப்பிராயத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

பேட்டரியின் முதுமை மணிக்கணக்கை மட்டும் குறைப்பதில்லை. வேகத்தையும் குறைக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார். 2017 டிசம்பரில் இது உலகறிந்த விவகாரமாயிற்று. தேய்ந்த மின்கலம் திடீரென்று கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் கைபேசி அணைந்துபோவதைத் தடுக்க, பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்திருந்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகத் தாழ்த்தியது. பயனாளிகளுக்கு அதைத் தெரிவிக்காததற்காக 2020-இல் பிரான்ஸ் நாட்டில் இரண்டரைக் கோடி யூரோ அபராதமும் கட்டியது. அணைந்துபோகாமல் காப்பாற்றியது நியாயமே. சொல்லாமல் செய்ததுதான் அநியாயம். ஏனெனில், பேட்டரி மாற்றினால் போதும் என்று தெரியாமல், 'மெதுவாகிவிட்டது' என்ற ஒரே காரணத்தால் புதியதை வாங்கினவர்கள் அந்த நாளில் நிச்சயமாக இருந்திருப்பார்கள்.

இரண்டாவது விஷயம் கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் என் மனத்தில் இதுவே முதன்மையானது. வங்கிக் கணக்கு, யு.பி.ஐ. பணப் பரிவர்த்தனை, ஆதார் சம்பந்தமான காரியங்கள் எல்லாம் இந்தச் சாதனத்துக்குள் புகுந்துவிட்ட பிறகு, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்கும்வரைதான் அது நம்பத்தக்கது. அவை நின்றுபோன கைபேசி வெளியே பளபளவென்று இருந்தாலும், அதைக் கொண்டு பணம் அனுப்புவது விவேகமாகாது. கூகுள் தன் பிக்சல் 8 முதலும், சாம்சங் தன் கேலக்சி எஸ்24 முதலும் ஏழு ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புத் தருவதாக வாக்களித்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், விற்பனை முடிந்தபின் ஐந்தாண்டுகள் அதைத் தந்தே தீரவேண்டும் என்று விதித்திருக்கிறது. என் ஐபோன் 13-க்கு 2025-இல் வந்த ஐ.ஓ.எஸ். 26-உம் வந்துவிட்டது. ஆக, அந்தக் கெடு எனக்கு இன்னும் வரவில்லை.

இனி மிஞ்சுவது ஆசை. ஆசையை இழிவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல கருவியின்மேல் வைக்கும் விருப்பம் பல சமயம் நல்ல தொழிலின்மேல் வைக்கும் விருப்பமே. எனக்குக் கோயில் சிற்பங்களைப் படம் எடுப்பதில் பற்று அதிகம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், விமானத்தைச் சுற்றிவரும் சுவரில், நாயன்மார்களின் வரலாறுகளைச் சாண் உயரச் சிற்பங்களாகச் செதுக்கி, அவற்றுக்கு மேலே இன்னார் என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலான மழையும் காற்றும் பட்டு அந்த எழுத்துக்கள் மங்கியிருக்கின்றன. 48 மெகாபிக்சல் கிடைத்தால் அவற்றை வாசிக்கும்படி எடுக்கலாமே என்பதுதான் என் உள்ளத்தில் நியாயமாக எழுந்த ஒரே வாதம். அதையும் பரிசோதித்தேன். கல்வெட்டுப் படிப்பவர்கள் வெகுகாலமாகக் கையாளும் முறை ஒன்று உண்டு: ஒளியை நேர் எதிரே நிறுத்தாமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து படிய விடுவது. மாலை மங்கும் வேளையில் ஒரு சிறு டார்ச்சை அவ்வாறு சாய்த்துப் பிடித்தபோது, உச்சிவெயிலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் ஒவ்வொரு கோட்டின் பள்ளத்திலும் நிழல் விழுந்து, எழுத்துக்கள் எழுந்து நின்றன. என் பழைய கேமராவே அவற்றைத் தெளிவாகப் பிடித்தது. தட்டை வெளிச்சத்தில் எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் அந்த நிழல் கிடைத்திராது. தொழில்முறையில் படம் எடுப்பவருக்கு, ஓடி விளையாடும் குழந்தையை மங்கிய அறையில் எடுக்க வேண்டிய தாய்க்கு, புதிய கேமராவால் மெய்யான அனுகூலம் உண்டு. என் காரியத்துக்கு அது தேவைப்படவில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லலாம். வட்டி அங்கே இல்லாமல் இல்லை. அதற்குச் சமமான தொகை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. அந்த வட்டியின்மேல் ஜி.எஸ்.டி.யும், பெரும்பாலும் ஒரு சேவைக் கட்டணமும் நம் தலையில்தான் விழுகின்றன.

ஆனால் விலைச்சீட்டில் எழுதப்படாத செலவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐபோன் 13 தன் ஆயுள் முழுவதற்கும் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவை 64 கிலோ என்று அதன் உற்பத்தியாளரே கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 81 சதவீதம், நாம் அதைக் கையில் வாங்குவதற்கு முன்னரே, செய்யும்போதே தீர்ந்துவிடுகிறது. நாம் சார்ஜ் ஏற்றுவதால் ஆகும் பங்கு சொற்பமே. அதாவது, செய்தாகிவிட்ட ஒரு கைபேசியை இன்னும் ஓராண்டு பயன்படுத்துவதே நாம் செய்யக்கூடிய பெரிய சிக்கனம். மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது; கோல்வேசி நகரத்தைச் சுற்றி, கையால் தோண்டிய குழிகளுக்குள் பாதுகாப்பின்றி இறங்கிப் பிழைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? என் கைபேசி பொருத்தப்பட்டது நம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தொழிற்சாலையில்தான். ஷிப்டு மாறும் நேரத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கம்பெனிப் பஸ்களில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தூக்கம் கலையாத முகத்தோடு ஏறும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தொலைதூரக் கிராமங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தங்களில் பலர் நோயுற்றபோது, அந்தப் பெண்கள் இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 'எல்லோரும் பழையதையே வைத்துக்கொண்டால் இவர்கள் வேலை என்னாவது?' என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் முதல் தேதி மூடப்பட்டதை நாம் மறக்கலாகாது. வரி வழக்கினால் அந்த ஆலை, நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாப்டுக்குக் கைமாறாமல் நின்றது. பிறகு மைக்ரோசாப்ட் தந்த ஆர்டரும் நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆண்டுக்கு ஒரு கைபேசி வாங்கும் நம் பழக்கம் அவர்களைக் காப்பாற்றிவிடவில்லை. அவர்களுக்கு வேண்டியது நிரந்தர வேலையும், கௌரவமான விடுதியும், சங்கம் வைக்கும் உரிமையும்; இவை நம் கொள்முதலால் தாமாக விளைவன அல்ல என்பதே என் துணிபு.

இவ்வளவும் எழுதுவதால், எவரும் புதியது வாங்கலாகாது என்பது என் கட்சி என்று கொள்ள வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியையான என் சித்தி, ஆண்ட்ராய்டு 4.4 கொண்ட கைபேசி ஒன்றைப் பத்தாண்டுகளாகக் கண்ணுங் கருத்துமாகப் பேணி வந்தார். 2025 ஜனவரியில் அந்தப் பதிப்புக்கு வாட்ஸ்அப் நின்றது. சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேச அவருக்கு வேறு வழி கிடையாது. "ஏண்டா, இதுக்கு என்ன குறைச்சல்? ஒரு கீறல் உண்டா?" என்றார். "போன் நல்லாத்தான் இருக்கு சித்தி. ஆனா உள்ளே இருக்கிற பூட்டைச் சரிபார்க்க இனிமே ஆள் வரமாட்டாங்க. பென்ஷன் பணம் இதுலதானே வருது?" என்றேன். சற்று நேரம் யோசித்து, சரி என்றார்.

கடையில் விற்பனையாளர் கேமராவைப் பற்றி ஆரம்பித்தபோது, சித்தி அவரை நிறுத்தி, "தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். இதுக்கு அப்டேட் எத்தனை வருஷம் வரும்? பேட்டரி போனா மாத்த முடியுமா? அதைச் சொல்லுங்க" என்று கேட்டார். விற்பனையாளருக்குத் தெரியவில்லை, உள்ளே போய் விசாரித்து வந்து, இரண்டு மாடல்களை ஒதுக்கிவிட்டு, மூன்றாவதை எடுத்து வைத்தார். நடுத்தர விலைதான். சித்தி அதையே வாங்கினார்.