குளிர் ஊரில் நீர் எதற்கு?

நுவரெலியாவில் கணினிக்கு நீர்க்குளிரூட்டி பொருத்தப்போவதாகச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. சனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி இறங்கித் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதும் உண்டு. ஆளே கம்பளிக்குள் ஒடுங்கும் ஊரில் இயந்திரத்துக்குக் குளிர்ச்சி தேடுவது வேண்டாத வேலையாகத்தான் தோன்றும். அதிலும் பெட்டியைத் தானே வரைந்து, மில்லிமீற்றர் கணக்கில் அளந்து, எட்டுப் பத்து லீற்றர் கனவளவுக்குள் பம்பு, குழாய், ரேடியேட்டர் எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பது பணம் மிஞ்சியவர்களின் விளையாட்டு என்று தள்ளிவிடுவது சுலபம். என் கட்சி நேர்மாறானது. இந்தப் பொழுதுபோக்குக்கு மலையகத்தைவிடத் தோதான இடம் இலங்கையில் வேறில்லை. குளிர் அதற்கு ஒரு காரணம். அந்தக் குளிரையும் ஈரத்தையும் சூட்டையும் கையாளும் அறிவு இங்கே ஸ்டோர் என்று அழைக்கப்படும் தேயிலைத் தொழிற்சாலைகளில் நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கி வருவது அதைவிடப் பெரிய காரணம்.

நீர்க்குளிரூட்டி என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. நீர் அங்கே சுமைகூலி வேலை மட்டுமே பார்க்கிறது. புரொசெசரும் கிராபிக்ஸ் அட்டையும் சேர்ந்து 300 வாட் வெப்பம் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த வெப்பம் முழுவதும் பிறப்பது சில சதுர சென்ரிமீற்றர் பரப்பில். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் நீரை அதன்மேல் ஓட்டினால், அந்த 300 வாட்டையும் அள்ளிக்கொண்டு வெளியேறும் நீரின் சூடு 4.3 பாகைதான் கூடியிருக்கும். இதே வேலையை இதே அளவு சூடேற்றத்தோடு காற்றிடம் ஒப்படைத்தால், கடற்கரை ஊரில்கூட நிமிடத்துக்கு 3,500 லீற்றருக்கு மேல் தேவை. அவ்வளவு காற்று போய்வரப் பெட்டிக்குள் வழி வேண்டும். நீருக்கோ 10 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள ஒரு குழாய் போதும். ஆனால் பயணத்தின் முடிவில் ரேடியேட்டரை அடைந்ததும் நீர் தன் சுமையை அறைக்காற்றிடம்தான் இறக்கியாக வேண்டும். ஆகவே அறைக்குள் வந்து சேரும் வெப்பத்தில் ஒரு வாட்கூடக் குறையாது. கொழும்பில் இது தொல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில், மார்கழி இரவில், அதைத் தொல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள்?

அப்படியானால் காற்றையே நேரடியாக ஓட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். பெரிய பெட்டியில் அது சரியான கேள்வி. 160 மில்லிமீற்றர் உயரமுள்ள நல்ல காற்றுக்குளிரூட்டி ஒன்று, விலைகூடிய பல நீர்க்குளிரூட்டிகளுக்கு ஈடாக நின்று வேலை செய்யும். இதை மறுக்கிறவர்கள் பெரும்பாலும் விற்பனையாளர்கள். சின்னப் பெட்டியில்தான் கணக்கு மாறுகிறது. 2001இல் வியா நிறுவனம் 170 மில்லிமீற்றர் சதுரமான மினி ஐ.டி.எக்ஸ் தாய்ப்பலகையைக் கொண்டுவந்த பிறகு, கணினியின் பருமனைத் தீர்மானிப்பது பலகை அல்ல, குளிரூட்டிதான் என்றாயிற்று. 2012, 2013 வாக்கில் இரண்டு ஆர்வலர்கள் வடிவமைத்துப் பொதுமக்களிடம் பணம் திரட்டி உருவாக்கிய என்கேஸ் எம்1 பெட்டி 12.6 லீற்றர், அதன் பக்கவாட்டில் இரட்டை விசிறி ரேடியேட்டர் ஒன்று அமரும். சில ஆண்டுகளில் ஜெர்மனியரான டேனியல் ஹான்சன், கிராபிக்ஸ் அட்டையைப் பலகையின் முதுகுப்பக்கம் திருப்பி வைத்து 7.2 லீற்றருக்கு இறங்கினார். அவருடைய டான் ஏ4 பெட்டியில் உயரமான காற்றுக்குளிரூட்டிக்கு இடமில்லை. 37 மில்லிமீற்றர் உயரக் குட்டிக் குளிரூட்டிகள் நுழையும். ஆனால் வேகமான புரொசெசரின் சூட்டுக்கு அவை ஈடுகொடுக்கா. நீரின் பயன் இங்கேதான். சூடு பிறக்கும் இடத்தில் ஒரு செப்புத் தகடு மட்டும் இருக்க, பருமனான பாகத்தைப் பெட்டியில் எங்கே இடமுண்டோ அங்கே கொண்டுபோய் வைக்கலாம்.

இனிக் குளிரின் கணக்கைப் பார்ப்போம். இந்த வாதத்தின் உயிர் அதில்தான். 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்று பொருந்தும் ரேடியேட்டர் துண்டு, நீருக்கும் அறைக்காற்றுக்கும் 10 பாகை வித்தியாசம் இருக்கும்போது, மிதமான விசிறி வேகத்தில் ஏறத்தாழ 100 வாட்டை வெளியே தள்ளும் என்பது இந்தத் துறையில் புழங்கும் குத்துமதிப்பு. இதன்படி ஒற்றை விசிறி ரேடியேட்டரில் 300 வாட்டை இறக்க வேண்டுமானால் வித்தியாசம் 30 பாகையாக உயர வேண்டும். கொழும்பில் அறை 30 பாகை என்றால் நீர் 60 பாகையைத் தொடும். பம்புகளுக்கும் மென்குழாய்களுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் எல்லையே அதுதான். எனவே அங்கே இரட்டை விசிறி ரேடியேட்டர் இல்லாமல் தீராது. நுவரெலியாவில் அதே ஒற்றை ரேடியேட்டரை 16 பாகை அறையில் வைத்தால் நீர் 46 பாகையில் நிற்க வேண்டும். இரட்டை ரேடியேட்டரும் அதன் விசிறிகளும் சேர்ந்து 275க்கு 120க்கு 52 மில்லிமீற்றர், அதாவது 1.7 லீற்றர் இடம் பிடிக்கும். ஒற்றையோ ஒரு லீற்றருக்குள் அடங்கும். மிச்சமாகும் முக்கால் லீற்றர் பெரிய விஷயமா என்றால், 7.2 லீற்றர் பெட்டியில் அது பத்தில் ஒரு பங்கு. கடற்கரையில் இருப்பவர் எவ்வளவு பணம் கொட்டினாலும் வாங்க முடியாத பத்தில் ஒரு பங்கு.

மலைக்காற்று மெலிந்தது, அதை மறந்துவிட்டாய் என்று விஷயம் தெரிந்தவர் குறுக்கிடலாம். நியாயமான குறுக்கீடு. 30 பாகைக் கொழும்புக் காற்றின் அடர்த்தி கனமீற்றருக்கு ஏறத்தாழ 1.16 கிலோ, 16 பாகை நுவரெலியாக் காற்றில் அது 0.98 கிலோ அளவே. விசிறி ஒரே வேகத்தில் சுழன்றால் ஒரே கனவளவைத்தான் தள்ளும். ஆகவே சுமக்கும் திறன் ஆறில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. மேலே சொன்ன 30 பாகை வித்தியாசத்தை இதற்காக 36 என்று திருத்திக்கொண்டால் நீர் 52 பாகையில் நிற்கும். நண்பகலில் அறை 20 பாகைக்கு ஏறினால் 56. எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. உயரம் எடுத்துக்கொள்வதைவிடக் குளிர் கூடுதலாகத் திருப்பித் தருகிறது என்பதே இதில் தெரிவது. சுமார் 1,270 மீற்றரில் இருக்கும் ஹட்டனுக்கு இரண்டு எண்களும் மாறும்: காற்று சற்று அடர்த்தி, அறை சற்றுச் சூடு. தோட்டத்துக்குத் தோட்டம் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருப்பது எரிச்சலூட்டும் என்பவருக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது.

ஈரம் பற்றிய அச்சம் இதைவிடப் பரவலானது. மூட்டம் காம்பராவுக்குள்ளேயே வந்துபோகும் ஊரில் குளிர்ந்த குழாயின்மேல் நீர் முத்து கோத்து மின்சுற்றில் சொட்டாதா? இயந்திரம் ஓடும்போது சொட்டாது. இந்த வகை நீரோட்டத்தால் அறையின் சூட்டுக்குக் கீழே இறங்கவே முடியாது. அறைக்காற்றைவிட எப்போதும் சூடாக இருக்கும் பரப்பில் பனி படிவதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் இயந்திரத்தைக் கணினியோடு இணைக்கும் தீவிரவாதிகளுக்குத்தான் அந்தக் கவலை. உண்மையான ஆபத்து இயந்திரம் நின்றிருக்கும்போது வருகிறது. இரவெல்லாம் குளிர்ந்துபோன உலோகம் இருக்கும் அறையில் விடிகாலை அடுப்பு மூட்டித் தேத்தண்ணிக்கு நீர் கொதிக்க வைத்தால், அந்த ஆவி ரேடியேட்டரின் மெல்லிய செதில்களில்தான் முதலில் படியும். விறகுப் புகையின் கரியும் அதே ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆக, இங்கே வரையப்படும் பெட்டியில் வடிகட்டி வலை பெரிதாகவும், ஒரு கையால் உருவி எடுத்துக் கழுவக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பீலித் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறதே என்று அதைப் பிடித்து ஊற்றக்கூடாது. கரைந்த உப்பும் பாசி வித்தும் தெளிந்த நீரிலும் உண்டு. காய்ச்சி வடித்த நீரும் அரிப்புத் தடுப்பானும் அவசியம். செம்பும் அலுமினியமும் ஒரே நீரோட்டத்தில் சேர்ந்தால் அலுமினியம் மெல்லக் கரையத் தொடங்கும்.

இவையெல்லாம் புதுப் பாடங்களாகத் தோன்றினால், பக்கத்து ஸ்டோருக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும். மடுவத்தில் நிறுத்துப் போட்ட கொழுந்து அங்கே நீண்ட தொட்டிகளில் பரப்பப்பட்டு, கீழிருந்து விசிறி ஊதும் காற்றில் பல மணி நேரம் வாடுகிறது. வாட்டுபவரின் கண் இரண்டு வெப்பமானிகள் மேல் இருக்கும், ஒன்று உலர்ந்தது, மற்றது ஈரத்துணி சுற்றியது. இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் காற்றில் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சூட்டுக்காற்றைக் கலக்க வேண்டும். கொழுந்தை ஒரு பக்கம் மெலிதாகவும் மறுபக்கம் தடிப்பாகவும் பரப்பிவிட்டால் காற்று மெலிந்த இடத்தால் ஓடித் தப்பிவிடும். தடித்த பக்கம் வாடாமலே கிடக்கும். சின்னப் பெட்டி வரைபவர் செய்யும் முதல் பிழையும் அச்சு அசலாக இதுவே. ரேடியேட்டரின் ஓரத்தில் ஐந்து மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் காற்று செதில்களுக்குள் புகாமல் அந்த இடைவெளியில் சுற்றிக்கொண்டிருக்கும். தள்ளிய சூட்டையே திரும்ப உறிஞ்சும். 1925இல் தொடங்கி இன்று தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஆண்டாண்டாக ஆராய்ந்துவரும் விஷயங்களில் காற்று, ஈரம், சூடு இம்மூன்றின் கணக்கும் சேர்ந்ததே.

தொடர்பு இதோடு நின்றிருந்தால் இதை வெறும் உவமை என்று ஒதுக்கலாம். ஆனால் உறவு இரத்த உறவு. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த சாமுவேல் டேவிட்சன் 1864இல் அசாமின் கச்சார் பகுதிக்கு வந்து தோட்டத் துரையாக இருந்தவர். கொழுந்தைக் கையால் உலர்த்தும் முறையின் கோளாறுகளைப் பார்த்து உலர்த்தி இயந்திரம் செய்யப் புகுந்தார். 1881இல் ஊர் திரும்பி சிராக்கோ என்ற பெயரில் தொழிற்சாலை தொடங்கினார். சிராக்கோ உலர்த்திகள் இலங்கைத் தோட்டங்களுக்கும் ஏராளமாக வந்தன. உலர்த்திக்குப் போதிய காற்று கிடைக்க வேண்டி அவர் விசிறிகளையே மாற்றி மாற்றிப் பார்த்ததில், 1890களின் பிற்பகுதியில் ஒரு புதிய சக்கரம் பிறந்தது: சுழலும் திசைக்கே வளைந்த சிறு தகடுகள் உருளையின் விளிம்பைச் சுற்றி நெருக்கமாக நிற்க, அச்சின் வழியே நுழையும் காற்று பக்கவாட்டில் வீசப்படும். மடிக்கணினியைத் திறந்தாலும், வெப்பத்தைப் பின்புறத் துளைகள் வழியே நேராக வெளித்தள்ளும் கிராபிக்ஸ் அட்டையைத் திறந்தாலும், அச்சுவழி நுழைந்து பக்கவழி வெளியேறும் அதே ஏற்பாட்டைத்தான் காண்பீர்கள். தேயிலை உலர்த்தப் பிறந்த குடும்பம் அது. காப்புரிமை துரைக்குப் போனது. அந்த இயந்திரங்களை இராப்பகலாக ஓட்டி, எந்த மழைக்கு எவ்வளவு சூடு என்று கைப்பக்குவமாகக் கற்றவர்களின் அறிவு எழுதப்பட்டது சொற்பம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே கணக்கை வேறொரு பெட்டியில் போட்டுப் பார்ப்பதில் வினோதம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் நிர்ணயிப்பதற்கே அவ்வளவு இழுபறி நடந்த இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. அதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. செப்புக் கட்டையும் பம்பும் இறக்குமதிச் சரக்கு, விலை கடிக்கும். ஆனால் வாங்குவது வேறு, வடிவமைப்பது வேறு. ஃப்ரீகேட் போன்ற வரைகலை மென்பொருளுக்குக் காசு இல்லை. அதைப் பழைய கணினியிலும் ஓட்டலாம். அட்டைப் பெட்டியை வெட்டி முழு அளவு மாதிரி செய்துபார்க்கக் கத்தியும் அடிமட்டமும் போதும். ஒன்றையும் வாங்காமலே இந்தப் பொழுதுபோக்கின் முக்கால்வாசியைச் செய்து முடிக்கலாம். கடைசிக் கால்வாசி பணம் சேரும் வரை பொறுத்திருக்கட்டும். தோட்டத்துப் பிள்ளை என்றால் தையல் இயந்திரமும் உயிர்வாழ்வதற்கான தொழிற்பயிற்சியும் மட்டும் போதும், வீண் ஆசை அவர்களுக்கு ஆகாது என்று எண்ணும் இரக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கினால் என்ன? வாங்கலாம். ஆனால் அவற்றை வரைந்தவர்கள் மனதில் வைத்திருப்பது உலர்ந்த, சமதரை ஊர் அறை. விறகுப் புகையை அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ரேடியேட்டரைப் பாதியாக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. இங்கே வரைபவர் ரேடியேட்டரை மேல்தட்டில் ஒற்றையாக வைத்து, சூடு மேல்நோக்கிப் போக விட்டு, வடிகட்டியை அகலமாக அடியில் கொடுக்கலாம். தகட்டை மடித்து, வெட்டி, துளையிட ஹட்டன் பக்கத்துத் தகர வேலைக்காரருக்கு 1.5 மில்லிமீற்றர் அலுமினியம் சிரமம் தராது. வரைபடத்தில் மடிப்பின் உள்வளைவு அளவைக் குறித்திருந்தால் சரி. காற்றுக்குமிழ் பம்புக்குள் சிக்காதபடி நீர்த்தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும். வடிகுழாய் பெட்டியின் மிகத் தாழ்ந்த மூலையில் வர வேண்டும். அதை வரைய மறந்தவர், முதல்முறை நீர் மாற்றும் நாளில், பலகையும் அட்டையும் உள்ளே இருக்க முழுப் பெட்டியையும் இஸ்தோப்பில் வைத்துத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டிவரும்.