பாட்டை எழுதியது யார்?

போன மாதம் என் மகளோடு ஒரு ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்குப் போனேன். அவள் பள்ளியில் வயலின் வாசிக்கிறாள். எனக்கோ அந்த இசை பற்றி அதிகம் தெரியாது.

நிகழ்ச்சித் தாளைப் படித்தவள், "அப்பா, ரெண்டு மெண்டல்சன் இருக்காங்க, பாருங்க!" என்றாள். ஆமாம். முதலில் ஃபேனி மெண்டல்சன் எழுதிய இசை. அடுத்து, கிளாரா ஷூமன் பதின்பருவத்தில் எழுதிய பியானோ கான்செர்ட்டோ. இடைவேளைக்குப் பிறகு ஃபீலிக்ஸ் மெண்டல்சனின் 'ஸ்காட்டிஷ்' சிம்ஃபனி.

ஃபேனியும் ஃபீலிக்ஸும் அக்கா, தம்பி. பெர்லினில் ஒரே ஆசிரியரிடம் இசை படித்தவர்கள். ஆனால் அவர்களுடைய அப்பா மகளுக்கு என்ன எழுதினார் தெரியுமா? இசை தம்பிக்குத் தொழில் ஆகலாம், உனக்கு வெறும் அலங்காரம்தான் என்று!

ஃபேனியின் சில பாட்டுகள் தம்பி பெயரிலேயே அச்சாயின. 1842-இல் லண்டன் அரண்மனையில் விக்டோரியா மகாராணி ஃபீலிக்ஸின் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பாடினார். ஃபீலிக்ஸ், அது தன் அக்கா எழுதியது என்று ஒப்புக்கொண்டார். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்ததாம். ஆனாலும் சொல்லிவிட்டார். ஃபேனி தன் பாட்டுகளைத் தன் பெயரில் தொகுப்பாக வெளியிட்டது 1846-இல்தான். அடுத்த வருடமே இறந்துவிட்டார். வயது 41.

இதைத் தாளில் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது. தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி. எனக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராது. அதனால் அக்கா முழுப் பேச்சையும் எழுதி, ஆங்கில எழுத்தில் போட்டுக் கொடுத்தாள். நான் மனப்பாடம் செய்து பேசினேன். முதல் பரிசு! "நீயே எழுதினியா தம்பி?" என்று நடுவர் கேட்டார். நான் தலையாட்டினேன். முன் வரிசையில் அக்கா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் மென்பொருள் எழுதுகிறேன். யார் எந்த வரியை எழுதினார்கள் என்று கணினியே குறித்து வைத்துவிடும். பேச்சுப் போட்டியில் அந்த வசதி இல்லை.

இடைவேளையில் அக்காவுக்கு போன் போட்டேன். "அந்தப் பேச்சு நீ எழுதினதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"இதைச் சொல்ல இருபத்தஞ்சு வருஷமா? சரி, கோப்பையை எப்போ அனுப்புற?"

கோப்பை இன்னும் அம்மா வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அடியில் என் பெயர் பொறித்த தகடு. அதை மாற்றித் தரும் கடையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.