ஃபார்முக்குள் ஃபார்ம்

ஆபீஸில் ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வர முடியலை. இன்னைக்கு ஒரு டெக்னிக்கல் புலம்பல். கோடு எழுதாத மக்கள் பொறுத்துக்கங்க.

நமக்கு ஊர் விருத்தாசலம் பக்கம் நல்லூர். மாமா விருத்தாசலத்துல செராமிக் பட்டறை வச்சிருக்கார். அகல் விளக்கு, குட்டி பொம்மை. போன கார்த்திகைக்கு நெட்ல ஆர்டர் எடுக்கணும்னார். ஒரே ராத்திரியில் ஜேகொயரி போட்டு பக்கம் ரெடி. பொருள் கைக்கு வந்ததும் காசு.

மூணாம் நாள் ஃபோன். பெட்டி கட்டிட்டு அட்ரஸ் எழுத உட்கார்ந்திருக்கார்.

"மாப்ள, எத்தனை விளக்குன்னு இருக்கு, பின்கோடு இருக்கு. யாருக்குன்னு இல்லையேடா!"

பதினோரு ஆர்டர். ஒண்ணுலயும் பேர் இல்லை, ஃபோன் நம்பர் இல்லை.

நான் பண்ணின புத்திசாலித்தனம் இதான். ஆர்டர் ஃபார்முக்கு நடுவுல, டெலிவரி சார்ஜ் பார்க்க ஒரு டிவ், அதுக்குள்ள பின்கோடுக்குன்னு இன்னொரு குட்டி ஃபார்ம். ஹெச்டிஎம்எல்-ல ஃபார்முக்குள்ள ஃபார்ம் கூடாது. பிரவுசர் திட்டாது, உள்ளே திறக்கிற டேகை சத்தமில்லாம விட்டுடும். ஆனா மூடுற டேகை விடாது, அதை வச்சு வெளி ஃபார்மையே மூடிடும். அதனால விளக்கு எண்ணிக்கையும் பின்கோடும் உள்ளே. அதுக்குக் கீழே இருந்த பேர், ஃபோன், அட்ரஸ் எல்லாம் நடுத்தெருவுல.

திரையில பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. காலியா இருக்கான்னு செக் பண்ற கோடும் "ஆர்டர் ஃபார்முக்குள் இருக்கிற இன்புட்"டைத்தான் தேடுது. வெளியே கிடக்கிறதை அது பார்க்கவே இல்லை, எல்லாம் சரின்னுடுச்சு. சீரியலைஸும் உள்ளே இருந்ததை மட்டும் மூட்டை கட்டி அனுப்பிடுச்சு.

நான் ரெண்டு மணி நேரம் செலக்டரைத்தான் சந்தேகப்பட்டேன். நேர் பிள்ளைகளை மட்டும் எடுக்கிற '>' போட்டுட்டேனோன்னு பார்த்தா, இல்லை, இடைவெளிதான். அது எத்தனை ஆழத்துல இருந்தாலும் எடுக்கும். வியூ சோர்ஸ்லயும் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. அது நாம எழுதினதை அப்படியே காட்டும், அவ்வளவுதான். லெங்த் பிரிண்ட் பண்ணினா ஒன்பது வரவேண்டிய இடத்துல அஞ்சு. அப்புறம்தான் இன்ஸ்பெக்ட் பண்ணினேன். உள் ஃபார்மையே காணோம்!

உள்ளே ஃபார்முக்குப் பதிலா ஃபீல்ட்செட் போட்டேன். ஃபீல்ட்செட்டை எத்தனை அடுக்கு வேணும்னாலும் வைக்கலாம். பின்கோடு பட்டன்ல இருந்து குளோசஸ்ட் ஃபீல்ட்செட், அதுல ஃபைண்ட் இன்புட். மூணு வரி மாத்தினதுல முடிஞ்சுது.

ரெண்டு பேர் அவங்களாவே கூப்பிட்டு விளக்கு எங்கேன்னு சண்டை போட்டாங்க. அவங்களுக்குப் போயிடுச்சு. மீதி ஒன்பது பெட்டி இன்னும் பட்டறை மூலையில இருக்கு, மேல பின்கோடு மட்டும் எழுதி.