பேயா, பிணியா?

பல ஆண்டுகளுக்கு முன் திருத்தலம் ஒன்றின் கொடியேற்ற விழாவுக்கு நண்பர் ஒருவருடன் சென்றிருந்தோம். இரவுச் செபவேளையில் கூட்டத்தின் நடுவே ஒரு பெண் தலைவிரிகோலமாய் ஆடத் தொடங்கினார். சிறிது நேரத்தில் அருகிலிருந்த மற்றொருவர். பின்னர் ஐந்தாறு பேர். "பேய் பிடித்திருக்கிறது" என்றார் நண்பர். "நரம்புத் தளர்ச்சி" என்றோம் நாம், படித்த செருக்குடன். வழக்காடியபடியே விடுதிக்குத் திரும்பினோம். அப்பெண்ணுக்கு என்ன துயரம் என்று இருவருமே கேட்கவில்லை.

அந்த இரவை நமக்கு நினைவூட்டியது ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் வரலாறு. 1518 ஜூலையில், இன்று பிரான்சு நாட்டிலுள்ள அந்நகரின் தெருவில், திரோஃபேயா என்ற பெண் திடீரென ஆடத் தொடங்கினார். நாள்கள் சில கழிந்தும் ஓயவில்லை. ஒரு வாரத்துக்குள் 30-க்கும் மேற்பட்டோர் ஆடினர். ஒரு மாதத்தில் அத்தொகை 400-ஐ எட்டியது என்கின்றன பழங்குறிப்புகள். கால்கள் புண்ணாகி மயங்கி வீழ்ந்தனர். அது களிப்பின் ஆட்டமன்று, வேதனையின் ஆட்டம்.

புனித வீத்துசின் சாபம் என்று அஞ்சினர் மக்கள். குருதி சூடேறியதால் வந்த இயற்கை நோய் என்றனர் மருத்துவர். ஆடித் தீர்த்தால் அடங்கும் என நம்பிய நகரவை, மேடை அமைத்து இசைவாணரைக் கூலிக்கு அமர்த்தியது. நோயோ பெருகியது. பின்னர் இசைக்குத் தடை விதித்து, ஆடியோரை வண்டிகளில் ஏற்றிச் சவெர்ன் அருகிலிருந்த அப்புனிதரின் திருத்தலத்துக்கு அனுப்பியது. அங்கே சிறு சிலுவைகளும் சிவப்புக் காலணிகளும் தந்து அவர்களுக்காகச் செபித்தனர். ஆட்டம் மெல்ல அடங்கியது.

அவ்வாறெனில் சாபம் என்றவர்களே வென்றனரா? இல்லை. ரை தானியத்தில் படரும் எர்காட் பூஞ்சையின் நஞ்சே காரணம் என்பாரும் உளர். அந்நஞ்சு தாக்கியவர் நாள்கணக்கில் ஆட இயலாது என மறுக்கிறார் வரலாற்றறிஞர் ஜான் வாலர். அக்காலத்தில் விளைச்சல் பொய்த்தது. பசியும் கொள்ளைநோயும் ஏழைகளை வாட்டின. தாங்கவொண்ணாத் துயரம் அவர்களைத் தன்னுணர்வு இழக்கச் செய்தது. சாபத்தைப் பற்றிய அச்சம் அதற்கு ஆட்டம் என்னும் வடிவம் தந்தது. கண்டவர்க்கும் அது தொற்றியது என்பது அவர் விளக்கம். அச்சத்தை விளைத்த நம்பிக்கையே மன்னிப்பின் ஆறுதலையும் தந்தது போலும்.

இவ்விளக்கத்தை ஏற்பதால் நம் விசுவாசம் குறைந்துவிடாது. உளநோயைப் பேய் என மயங்கலாகாது என்று 1999-இல் திருச்சபை வெளியிட்ட பேயோட்டும் சடங்குநூலே எச்சரிக்கிறது. அதேவேளை, மனத்தில் பிறந்த நோய் என்பதால் அது நடிப்பும் ஆகிவிடாது. புண்ணான கால்கள் பொய் சொல்லவில்லை. இதையே அன்று நாம் உணரவில்லை. நம் சொல் சரியாக இருந்திருக்கலாம். நம் நெஞ்சம் சரியாக இல்லை.

வலிப்புற்ற சிறுவனைக் குணமாக்கும் முன், எவ்வளவு காலமாக இத்துன்பம் என்று ஆண்டவர் அவன் தந்தையிடம் வினவியதை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். அந்த இரவு மீண்டும் வாய்க்குமானால் நாமும் வழக்காட மாட்டோம். அப்பெண்ணின் அருகே அமர்ந்து, உணவு உண்டாரா, எத்தனை நாளாய் இத்துயரம் என்று கேட்போம்.