தட்டச்சுக்காரர் மேல் போட்ட பழி

டிசம்பர் வந்தால், ஹவாயின் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பேச்சும் வந்துவிடும். கூடவே அந்தச் சமாதானமும்: ஜப்பான் முன்கூட்டியே சொல்லத்தான் நினைத்தது, வாஷிங்டன் தூதரகத்தில் தட்டச்சு செய்யத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

தாமதம் உண்மை. 1941 டிசம்பர் 7 பகல் 1 மணிக்குத் தர வேண்டிய கடிதம் 2.20-க்குத்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் கைக்குப் போனது. அதற்குள் குண்டு விழுந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் அந்தக் கடிதத்தில் போர் அறிவிப்பே கிடையாது. பேச்சுவார்த்தையைத் தொடர்ந்து பயனில்லை என்பதோடு முடிகிறது. நேரத்துக்குக் கொடுத்திருந்தாலும் அரை மணிகூட அவகாசமில்லை.

இன்னொன்று. ஹவாயில் குண்டு விழ சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மலாயாவின் கோத்தபாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கத் தொடங்கிவிட்டது. பிரிட்டனுக்கு எந்தக் கடிதமும் போகவில்லை. அங்கே எந்தத் தட்டச்சுக்காரரைக் குறை சொல்வது?

ஜப்பானின் கணக்கு வேறு. அதற்குப் போன எண்ணெயை அமெரிக்கா நிறுத்திவிட்டது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெயைப் பிடிக்கப் போகும்போது அமெரிக்காவின் பசிபிக் கப்பற்படை குறுக்கே வரக்கூடாது. சொல்லிவிட்டு அடித்தால் கப்பல்கள் துறைமுகத்தில் அடுக்கி வைத்தாற்போல் நிற்குமா? திட்டம் எனக்குப் புரிகிறது. அதை நியாயம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

மேற்குலகின் கோபத்திலும் ஓட்டை உண்டு. 1904-ல் இதே ஜப்பான் போர் அறிவிக்கும் முன்பே போர்ட் ஆர்தரில் ரஷ்யக் கப்பல்கள் மீது ராத்திரியில் டார்பிடோ விட்டது. லண்டன் டைம்ஸ் அதைத் துணிச்சல் என்று புகழ்ந்தது. அடிபட்டது ரஷ்யா அல்லவா! முன்னறிவிப்பு கட்டாயம் என்ற ஹேக் உடன்படிக்கை 1907-ல்தான் வந்தது. ஜப்பானும் அதில் கையெழுத்துப் போட்ட நாடுதான்.