அட்டைச் சக்கரம்

நாலடி விட்டத்தில் ஒரு தேர்ச் சக்கரம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தபோது நான் பயப்படவில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பெண் கர்ணன் வேஷம் போடுகிறாள். கர்ணனைப் பெற்ற சூரிய பகவானின் தேருக்கே ஒற்றைச் சக்கரம்தான் என்பார்கள். அந்த ஒன்றைப் பண்ணித்தர என்னால் முடியாதா?

மறுநாள் சென்னை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளை ஏறி இறங்கினேன். சார்ட் பேப்பர் கையில் எடுத்ததுமே துவண்டது. மில் போர்டு விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அகலம் போதாது. இரண்டைச் சேர்த்தால் சேர்த்த இடத்தில் மடங்கும். தெர்மோகோல், மூலையைத் தொட்டதும் வெள்ளை மணியாய் உதிர்ந்தது. மரக்கடையில் 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை இருந்தது. 3 மில்லிமீட்டர் பலகையை நிமிர்த்தினால் நெளிந்தது; 12 மில்லிமீட்டர் பலகையை நகர்த்த எனக்கே மூச்சு வாங்கியது. தூக்க முடியாததுபோல் நடிக்க வேண்டிய சக்கரம், நிஜமாகவே தூக்க முடியாததாக இருந்தால் குழந்தையின் காலில் விழுந்தல்லவா வைக்கும்!

மூன்றாம் நாள்தான் மாமாவிடம் போனேன். உண்மையைச் சொன்னால், முதல் நாளே அவர் ஞாபகம் வந்தது. போகத்தான் கூச்சம்.

மாமா என் தாயாருடன் பிறந்தவர். பகலில் ஆபீஸ் குமாஸ்தா. மாலையில் ஒரு நாடகக் குழுவுக்குச் சாமான்கள் செய்து கொடுப்பவர். இருபத்தைந்து வருஷம் அப்படி உழைத்தார். பீமனுக்குக் கதை வேண்டுமென்றால், மண்பானை மேல் காகிதத்தை அடுக்கடுக்காய் ஒட்டி, காய்ந்ததும் பானையை உள்ளேயே உடைத்துக் கொட்டிவிடுவார். தெருக்கூத்துக் கிரீடத்துக்குக் கல்யாண முருங்கைக் கட்டை எவ்வளவு லேசு என்று மணிக்கணக்கில் பேசுவார். ஆர். எஸ். மனோகர் நாடகத்தில் தந்திரக் காட்சிக்குச் சபையே கைதட்டும்போது, அட்டை எங்கே முடிந்து மரச்சட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று மாமா கண்ணை இடுக்கிக்கொண்டிருப்பார்.

இந்த மனிதரைத்தான் நான் ஒரு கதையில் கோமாளியாக்கினேன். பெயரை மாற்றினேன்; பசை காய்ந்த விரல்களை மாற்றவில்லை. 'அட்டைக்கத்தி வீரர்' என்று அவருக்குப் பட்டம் வேறு. வாசகர்கள் சிரித்துக் கடிதம் எழுதினார்கள். மாமாவும் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு என் கதைகளைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. பதினோரு வருஷம் ஆகிறது.

இப்போது மாமாவுக்கு எண்பத்திரண்டு வயது. கண்ணில் நீர் அழுத்த நோய். நிழலாட்டம் மட்டும்தான் தெரியும். விஷயத்தைச் சொன்னதும், "பிரிஜ் வருகிற பெட்டி இருக்கிறதே, அது வாங்கினாயா?" என்றார்.

பழைய காகிதக் கடைக்காரனிடம் பேரம் பேசி இரண்டு பெட்டிகளை வாங்கிவந்தேன். மாமா அட்டையைத் தடவிப் பார்த்து, "உள்ளே வரிவரியாய் ஓடுகிறது பார். வரியோடு மடங்கும், வரிக்குக் குறுக்கே மடங்காது. ஒன்று நெட்டு, அதன்மேல் ஒன்று குறுக்கு, மறுபடியும் ஒன்று நெட்டு. அப்புறம் யார் மடக்குகிறார்கள் பார்க்கலாம்" என்றார்.

மைதாப் பசை காய்ச்சினோம். கரப்பான் அரிக்காமல் இருக்க முன்பெல்லாம் மயில்துத்தம் கலப்பாராம். குழந்தைகள் கைபடும் சாமான் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார். பசையில் தண்ணீர் மிஞ்சக்கூடாது. மேலே ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டினால் காய்கிறபோது அப்பளமாய் வளைந்துகொள்ளும். ஆகையால் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒட்டியபின் இரண்டு நாள் பாரம். இந்தப் பாரத்தில்தான் எல்லாமே இருக்கிறது என்றார்.

பெட்டி, அம்மிக்குழவி, தமிழ் லெக்சிகன் எல்லாம் ஏறின. இன்னும் போதவில்லை. என் புஸ்தகங்களையே கட்டுக்கட்டாய்க் கொண்டுவந்தேன். அவற்றுக்கு இத்தனை கனம் உண்டென்று விமர்சகர்கள் யாரும் சொன்னதில்லை.

மாமா ஒரு புஸ்தகத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தார். "அந்தக் கதை இதில் இருக்கிறதா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "இருக்கிறது, மாமா."

"நடுவில் வை. நடுவில்தான் எழும்பும்."

நாடகத்தன்று அவரைக் கூட்டிப்போய் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். மேடையில் என் பெண் சக்கரத்துக்குத் தோள் கொடுத்து முக்கினாள். அது அசையவில்லை. கொட்டகை நிசப்தமாயிற்று.

மாமா என் முழங்கையைப் பிடித்தார். "கனமாகத் தெரிகிறதாடா?"

"தெரிகிறது, மாமா."

"விளிம்பு வளைந்திருக்கிறதா, பார்த்துச் சொல்."

பார்த்தேன். இடது பக்கம், கீழே, ஒரு விரற்கடை வளைந்திருந்தது. அதையும் சொன்னேன்.

"அந்த மூலையில் பாரம் போதவில்லை" என்றார்.